‘டிக்’ என்னும் வினைச்சொல்: பொருளும் பயன்பாடும்



க.பொ.த. சாதாரண தர ஆங்கில மொழிப் பாடத்துக்கு ஆயத்தமாகும் நீங்கள் முதலில் பின்வரும் ஐந்து தமிழ் வசனங்களையும் வாசியுங்கள்.

1. வாப்பா வீட்டுக்குப் பின்னால் கிணறு வெட்டினார்.
2. தம்பி தென்னம்பிள்ளை நடக் குழி தோண்டினான்.
3. உம்மா வளவில் மண்ணைக் கொத்தினார்.
4. நாங்கள் மரவள்ளிக்கிழங்கு கிண்டினோம்.
5. ஆய்வாளர்கள் பழைய நகரம் ஒன்றை அகழ்ந்தார்கள்.

வெட்டுதல், தோண்டுதல், கொத்துதல், கிண்டுதல், அகழ்தல் என ஐந்து வினைகள் இங்கே வந்துள்ளன. இவை அனைத்துக்கும் ஆங்கிலத்தில் ‘டிக்’ என்ற ஒரே வினை போதும். தமிழில் வேலைக்கேற்ப வினைச்சொல் மாறுகிறது. ஆங்கிலத்தில் வினைச்சொல் அப்படியே நிற்கிறது. அதற்குப் பின்னால் வரும் சொல்தான் மாறுகிறது. இந்தப் பாடத்தில் நீங்கள் மனத்தில் பதிக்க வேண்டிய விதி இதுவே.

குறிப்பு: உச்சரிப்பு விளங்குவதற்காக ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்துள்ளோம். ஒவ்வொன்றையும் அப்பியாசக் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே படியுங்கள்.

1. வினையின் வடிவங்கள்

நிகழ்காலம்: டிக் (டி, ஐ, ஜி)
ஒருமைப் படர்க்கையில்: டிக்ஸ் (இறுதியில் எஸ் சேரும்)
தொடர்வினை: டிக்கிங் (ஜி இரண்டு முறை எழுதி, அதன் பின் ஐ, என், ஜி)
இறந்தகாலம்: டக் (டி, யூ, ஜி)
மூன்றாம் வடிவம்: டக் (டி, யூ, ஜி)

இறந்தகாலமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே. ‘ஈ, டி’ சேர்த்து ‘டிக்ட்’ என்று எழுதுவது மாணவர்கள் அடிக்கடி விடும் பிழை.

அறிந்துகொள்க: ‘ஈ, டி’ சேர்ந்த அந்த வடிவம் ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் வழங்கியது. 1611 இல் வெளியான ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் அதைக் காணலாம். பின்னர் ‘டக்’ நிலைத்துவிட்டது. பழைய நூலில் கண்டால் வியப்படைய வேண்டாம். ஆனால் விடைத்தாளில் எழுத வேண்டாம்.

கவனிக்க: தமிழ் எழுத்தில் ‘டக்’ என்று எழுதும்போது இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஒன்றாகத் தோன்றுகின்றன. ‘டி, யூ, ஜி’ என முடிவது தோண்டினான் என்பது. ‘டி, யூ, சி, கே’ என முடிவது வாத்து. முதலாவதில் கடைசி ஒலி ‘தங்கம்’ என்னும் சொல்லின் ககரம் போல மென்மையானது. இரண்டாவதில் ‘பக்கம்’ என்பதில் வருவது போல வல்லொலி. சொல்வதெழுதலில் இந்த வேறுபாட்டைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

‘டிட்’, ‘டிட் நொட்’ வந்தால் இறந்தகால வடிவம் வராது. ‘தே டிட் நொட் டிக் டீப்’ என்பது சரி. அவர்கள் ஆழமாகத் தோண்டவில்லை. இங்கே ‘டக்’ என்று எழுதினால் பிழை.

2. பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள்

‘டிக்’ என்னும் வினை மூன்று வகையான செயப்படுபொருளை ஏற்கும்.

(அ) தோண்டுவதால் உண்டாகும் பொருள்

கிணறு, குழி, வாய்க்கால், கபுறு ஆகியன தோண்டுவதற்கு முன் இல்லாதவை. தோண்டிய பின்னரே உண்டாகின்றன.

‘ஹி டக் அ வெல்’ – அவர் கிணறு வெட்டினார்.
‘த ஃபாமர்ஸ் டக் அ கெனல்’ – விவசாயிகள் வாய்க்கால் வெட்டினார்கள்.

கல்முனையிலிருந்து கிட்டங்கியைக் கடந்து சவளக்கடைப் பக்கம் போனால் வயல்களும் வாய்க்கால்களும் கண்ணில் படும். அம்பாறை மாவட்டத்தின் பெரும்பரப்பு வயல்களுக்கு நீர் தருவது கல்லோயாத் திட்டம். அதன் வேலைகள் 1949 இல் தொடங்கின. இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டுச் சேனாநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கம் உருவாயிற்று. இதைப் பற்றி எழுதும்போது இரண்டு வினைகளைப் பிரித்தறிய வேண்டும். அணை கட்டப்படும், ஆகவே ‘பில்ட்’. வாய்க்கால் வெட்டப்படும், ஆகவே ‘டிக்’. ‘தே பில்ட் த டாம் அன்ட் டக் த கெனல்ஸ்’ என ஒரே வசனத்தில் இரண்டையும் எழுதலாம். (இங்கே ‘பில்ட்’ என்பது இறந்தகால வடிவம்.)

செயப்பாட்டுவினையில் ‘வொஸ் டக்’, ‘வேர் டக்’ என வரும். ‘த சூயஸ் கெனல் வொஸ் டக் பிட்வீன் 1859 அன்ட் 1869’ என்பது சூயஸ் கால்வாய் அந்தப் பத்து ஆண்டுகளில் வெட்டப்பட்டது என்று பொருள்படும்.

இவ்விடத்தில்தான் தமிழ்மொழி மூல மாணவர்களுக்குப் பெரிய இடறல். ‘வெட்டினார்’ என்று தமிழில் நினைத்து, ‘கட்’ என்னும் வினையைப் போட்டுவிடுகிறார்கள். ‘ஹி கட் அ வெல்’ என்பது பிழை. கால்வாய், பாதை ஆகியவற்றுக்கு ஆங்கிலேயரும் சில வேளை ‘கட்’ என்பர். கிணற்றுக்கு அவ்வாறு வராது. ‘டிக்’ அல்லது ‘சிங்க்’ என்றே வரும்.

(ஆ) தோண்டப்படும் இடம் அல்லது மண்

‘மை மதர் டக் த கார்டன்’ – உம்மா தோட்டத்தைக் கொத்தினார்.

தோட்டம் முன்பே இருக்கிறது. அதன் மண்ணை மண்வெட்டியால் புரட்டுகிறோம். ஆகவே இதைத் ‘தோட்டத்தைத் தோண்டினார்’ என்று தமிழாக்கினால் பொருள் கெடும். ‘கொத்தினார்’ என்பதே பொருத்தம்.

(இ) தோண்டி எடுக்கப்படும் பொருள்

‘வி டக் பொட்டேட்டோஸ்’ – நாங்கள் உருளைக்கிழங்கு கிண்டினோம்.

கிழங்கு மண்ணுக்குள் முன்பே இருந்தது. தோண்டி வெளியே எடுத்தோம். இவ்வகையில் பெரும்பாலும் ‘அப்’ என்னும் சொல்லையும் சேர்ப்பர்.

செயப்படுபொருள் இல்லாமலும் வசனம் அமையும். ‘தே டக் ஓல் டே’ – அவர்கள் நாள் முழுவதும் தோண்டினார்கள். மனிதருக்கு மட்டும் உரிய வினையும் அன்று. ‘த டர்ட்டில் டிக்ஸ் அ ஹோல் அன்ட் லேஸ் ஹேர் எக்ஸ்’ – கடலாமை கரை மணலில் குழி தோண்டி முட்டையிடுகிறது.

3. பின்னால் வரும் சிறு சொல்லைப் பாருங்கள்

‘டிக்’ உடன் சேரும் சிறு சொல் மாறினால் பொருளும் மாறும். இடைவெளி நிரப்பும் வினாக்களிலும் பந்தி வாசித்து விடையெழுதும் வினாக்களிலும் இது புள்ளிகளைத் தீர்மானிக்கும்.

டிக் அப்: (1) தோண்டியெடுத்தல். (2) நிலத்தையோ வீதியையோ கிளறுதல். ‘தே டக் அப் த ரோட் டு லே பைப்ஸ்’ – பைப் பதிப்பதற்காக வீதியை வெட்டினார்கள். (3) மறைந்த செய்தியைத் தேடிக் கண்டுபிடித்தல், பழையதைக் கிளறுதல். ‘டோன்ட் டிக் அப் த பாஸ்ட்’ – பழைய கதைகளைக் கிளறாதே.

டிக் ஃபோ: ஒன்றைத் தேடித் தோண்டுதல். தேடும் பொருள் இன்னும் கிடைக்கவில்லை.

டிக் அவுட்: (1) புதைந்ததைத் தோண்டி வெளியே எடுத்தல். (2) எங்கோ கிடந்த பழைய பொருளைத் தேடியெடுத்தல். ‘ஷி டக் அவுட் ஹேர் ஓல்ட் நோட்ஸ்’ – அவள் தன் பழைய குறிப்புகளைத் தேடியெடுத்தாள்.

டிக் இன்: (1) எருவை மண்ணோடு கலந்து கொத்துதல். (2) சாப்பிடத் தொடங்குதல். விருந்தில் ‘டிக் இன்!’ என்றால் ‘சாப்பிடுங்கள்’ என்று உபசரிப்பது. நெருங்கியவர்களிடையே மட்டும் சொல்வது. (3) படையினர் பதுங்குகுழி வெட்டி நிலைகொள்ளுதல்.

டிக் இன்டு: (1) அழுந்திப் பதிதல். ‘த ரோப் டக் இன்டு ஹிஸ் ஷோல்டர்’ – கயிறு அவன் தோளில் அழுந்தியது. (2) துருவி ஆராய்தல். (3) சேமிப்பில் கைவைத்தல். ‘வி டக் இன்டு அவர் சேவிங்ஸ்’ – எங்கள் சேமிப்பில் கைவைத்தோம்.

சிறு சொல் ஒன்று எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்வைப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் உள்ள மீரியபெத்த தோட்டத்தில் மண்சரிவு ஏற்பட்டது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த லயன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்தன. மீட்புப் பணியாளர்கள் சேற்றைத் தோண்டித் தேடினார்கள். இப்படியான வேளையில் ஆங்கிலப் பத்திரிகையில் பின்வரும் இரண்டு தலைப்புகளில் ஒன்று வரக்கூடும்.

‘ரெஸ்கியூவர்ஸ் டிக் ஃபோ சர்வைவர்ஸ்’
‘ரெஸ்கியூவர்ஸ் டிக் அவுட் சர்வைவர்ஸ்’

முதலாவது, உயிர் தப்பியவர் எவரேனும் உண்டா என்று தேடித் தோண்டுகிறார்கள் என்பது. எவரும் மீட்கப்பட்டதாக அதில் இல்லை. இரண்டாவது, உயிர் தப்பியவர்களைத் தோண்டி வெளியே எடுத்துவிட்டார்கள் என்பது. உறவினரின் செய்திக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு இவை இரண்டும் ஒன்றாகுமா? ‘ஃபோ’ என்றால் தேடல். ‘அவுட்’ என்றால் வெளியே வந்தது. செய்தித் தலைப்பில் நிகழ்கால வடிவம் நடந்து முடிந்ததையும் குறிக்கும் என்பதால், காலத்தை வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. சிறு சொல்லை வைத்தே அறியலாம்.

4. பெயர்ச்சொல்லாக ‘டிக்’

‘அ டிக்’ என்று வந்தால் அது பெயர்ச்சொல்.

(1) தொல்லியல் அகழ்வு. சிவகங்கை மாவட்டம் கீழடியில் 2015 இல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழ்வைத் ‘த டிக் அட் கீழடி’ எனலாம். இலங்கையில் மன்னார் மாவட்டம் மாந்தையில் 1980களில் நடந்த அகழ்வும் அவ்வாறே. முறையான கட்டுரையில் ‘எக்ஸ்கவேஷன்’ என்று எழுதுவது சிறப்பு.
(2) குத்தல் பேச்சு. ‘தட் வொஸ் அ டிக் அட் மீ’ – அது என்னைக் குத்திச் சொன்னது.
(3) விலாவில் முழங்கையால் இடித்தல்.

‘டிக்ஸ்’ என்று பன்மையில் வந்தால் பிரித்தானியப் பேச்சு வழக்கில் வாடகை அறை என்றும் பொருள்படும். மாணவர் தங்குமிடம் பற்றிய கதையில் இச்சொல்லைக் கண்டால் ‘தோண்டுகிறான்’ என்று எண்ணிக் குழம்பாதீர்கள்.

5. மரபுத்தொடர்கள்

‘டிக் யுவர் ஓன் கிரேவ்’ – தனக்குத் தானே குழி தோண்டுதல். இது தமிழோடு அப்படியே ஒத்துப்போகிறது.
‘டிக் யுவர் ஹீல்ஸ் இன்’ – விட்டுக்கொடுக்காமல் பிடிவாதமாக நிற்றல். இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் குதிகாலைப் புதைத்தல் என்று வரும். அப்படி எழுதக் கூடாது.
‘டிக் டீப்’ – உள்ள பலம் முழுவதையும் அல்லது கைப்பணம் முழுவதையும் திரட்டிக் கொடுத்தல்.

இதேபோல் நம் மரபுத்தொடர்களையும் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கக் கூடாது. ‘கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது’ என்பதை ‘டிக்’ போட்டு எழுதினால் ஆங்கிலேயருக்கு விளங்காது. எதிர்பாராத தொல்லை வந்தது என்று கருத்தை எழுதுங்கள்.

அமெரிக்கப் பேச்சு வழக்கில் ‘ஐ டிக் இட்’ என்றால் எனக்கு அது பிடிக்கும் என்று பொருள். பாடல்களிலும் படங்களிலும் கேட்கலாம். பரீட்சைக் கட்டுரையிலும் கடிதத்திலும் எழுத வேண்டாம்.

6. ‘டிக்’ வராத இடங்கள்

மண்வேலை எல்லாவற்றுக்கும் இவ்வினை பொருந்தாது.

வயல் உழுதல் – ப்ளவ்
குழாய்க்கிணறு துளையிடுதல் – ட்ரில்
களை பிடுங்குதல் – புல் அவுட் (அல்லது வீட்)
மண்ணை அள்ளிப் போடுதல் – ஷவல்
மூக்கு நோண்டுதல், பல் குத்துதல் – பிக்
கிணறு இறைத்துத் துப்புரவு செய்தல் – க்ளீன்

7. வாசித்து விளங்குக

பின்வரும் பந்தியை வாசித்து, கீழ்க்கோடிட வேண்டிய வினைகள் எவை எனச் சிந்தியுங்கள்.

“கல்முனைக் கரையோரம் மணற்பாங்கானது. மழைநீர் மணலுக்குள் இறங்கித் தங்குகிறது. நன்னீர் உப்புநீரை விடப் பாரம் குறைந்தது. ஆகவே நிலத்தடியில் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. இதனால் இங்கு ஆழங்குறைந்த கிணற்றில் நல்ல நீர் கிடைக்கிறது. அளவுக்கு மீறித் தோண்டினாலோ, மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தாலோ கீழேயுள்ள உப்புநீர் மேலே வரும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி அலைகள் கிணறுகளுக்குள் கடல்நீரையும் குப்பையையும் கொண்டுவந்து சேர்த்தன. மக்கள் கிணறுகளை இறைத்துத் துப்புரவு செய்தார்கள். ஆனால் மணலுக்குள் ஊறிய உப்பு, இறைத்தவுடன் போய்விடவில்லை. மழை பெய்து கழுவ வேண்டியிருந்தது.”

இப்பந்தியை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதும்போது ‘தோண்டினாலோ’ என்ற இடத்தில் மட்டுமே ‘டிக்’ வரும். ‘இஃப் யூ டிக் டூ டீப், த வோட்டர் பிகம்ஸ் சோல்ட்டி’ – மிக ஆழமாகத் தோண்டினால் நீர் உப்பாகும். இறைத்தலுக்குப் ‘பம்ப்’, துப்புரவு செய்தலுக்குக் ‘க்ளீன்’. மூன்றையும் ‘டிக்’ என்று எழுதினால், சுனாமிக்குப் பின் மக்கள் புதுக் கிணறு வெட்டினார்கள் என்று வாசிப்பவர் எண்ணிவிடுவார். அது நடந்த செய்தியையே மாற்றிவிடும்.

8. பயிற்சிகள்

பயிற்சி 1: ‘டிக்’ என்னும் வினையின் சரியான வடிவத்தை இடுக.

1. யெஸ்டர்டே வி ____ அ ஹோல் ஃபோ த ப்ளான்ட்.
2. லுக்! த மென் ஆர் ____ அ ட்ரெய்ன்.
3. அ டர்ட்டில் ____ இட்ஸ் நெஸ்ட் இன் த சான்ட்.
4. திஸ் வெல் வொஸ் ____ பை மை கிரான்ட்ஃபாதர்.
5. தே டிட் நொட் ____ டீப்.
6. த டோக் ஹஸ் ____ அப் த ஃப்ளவர்ஸ்.

பயிற்சி 2: அப், அவுட், ஃபோ, இன், இன்டு ஆகியவற்றுள் பொருத்தமானதை இடுக.

1. தே டக் ____ கோல்ட், பட் ஃபவுன்ட் நத்திங்.
2. த மென் டக் த சைல்ட் ____ ஒஃப் த சான்ட்.
3. புட் கவ் டங் ஒன் த சொயில் அன்ட் டிக் இட் ____.
4. த பேக் டக் ____ மை ஷோல்டர்.
5. வி டக் ____ த கசாவா அன்ட் வோஷ்ட் இட்.

பயிற்சி 3: ஆங்கிலத்தில் எழுதுக.

1. அவர்கள் மையவாடியில் கபுறு வெட்டினார்கள்.
2. பெக்கோ இயந்திரம் வீதியைக் கிளறிவிட்டது.
3. அவர்கள் பாடசாலையில் குழாய்க்கிணறு துளையிட்டார்கள்.

விடைகள்

பயிற்சி 1: (1) டக் (2) டிக்கிங் (3) டிக்ஸ் (4) டக் (5) டிக் (6) டக்

பயிற்சி 2: (1) ஃபோ (2) அவுட் (3) இன் (4) இன்டு (5) அப்
விளக்கம்: முதலாவதில் ‘ஃபவுன்ட் நத்திங்’ என்று இருப்பதால் தேடல் மட்டுமே நடந்தது. இரண்டாவதில் பின்னால் வரும் ‘ஒஃப்’ என்பதே ‘அவுட்’ என்ற விடையைக் காட்டிக்கொடுக்கிறது.

பயிற்சி 3: (1) தே டக் அ கிரேவ் இன் த செமெட்ரி. (2) த பெக்கோ ஹஸ் டக் அப் த ரோட். (3) தே ட்ரில்ட் அ டியூப் வெல் அட் த ஸ்கூல்.
விளக்கம்: மூன்றாவதில் ‘டக்’ என்று எழுதியிருந்தால், ‘டிக் வராத இடங்கள்’ என்ற ஆறாம் பகுதியை மீண்டும் படியுங்கள்.

மாணவர்களே, தமிழ் வசனம் ஒன்றை ஆங்கிலமாக்கும் முன் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். மண்ணில் உண்மையில் என்ன வேலை நடந்தது? அதனால் புதிதாக ஒன்று உண்டானதா, இருந்தது புரட்டப்பட்டதா, உள்ளிருந்தது வெளியே வந்ததா? வினைக்குப் பின்னால் எந்தச் சிறு சொல் வர வேண்டும்? இவற்றுக்கு விடை கண்டபின் எழுதினால் ‘கட்’ என்றோ ‘டிக்ட்’ என்றோ பிழைவிட மாட்டீர்கள். இப்போது உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள ஒரு கிணற்றைப் பற்றி, யார் வெட்டியது, எப்போது வெட்டியது, நீர் எப்படி என்று வீட்டாரிடம் கேட்டு, ஆங்கிலத்தில் ஐந்து வசனங்கள் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள்.